ஆம், அந்தக் கருத்தை நீக்கியது நான்தான்

சனிக்கிழமை இரவிலிருந்து நம் தொடர்கதைத் தளத்தின் வட்டத்தில் நடப்பதை இங்கே மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. நீக்கப்பட்ட கருத்தின் அந்த ஸ்கிரீன்ஷாட் சுற்றாத வாட்ஸ்அப் குழு இனி இருக்காது. தளத்துக்கு வரும் கருத்துகளைப் பார்த்து, வேண்டாததை நீக்கும் மட்டுறுத்துநர் நான்தான் என்பது தெரியாமல் என் அத்தை மகளே அதை எனக்கு அனுப்பி, "இப்படியும் ஒரு சர்வாதிகாரி இருக்கிறாளாம், பார்த்தீர்களா அக்கா?" என்று கேட்டிருந்தாள். பார்த்தேன் என்று பதில் அனுப்பினேன்.

துப்பறிந்துகொண்டிருப்பவர்களின் சிரமத்தைக் குறைத்துவிடுகிறேன். நம் தளத்தின் தொடர்கதைப் போட்டியில் வரும் ஒரு கதையின் 23-ஆம் அத்தியாயத்துக்கு வாசகி ஒருவர் எழுதிய கருத்தை நீக்கியது நான்தான். கை தவறிப் பட்டு அது நீங்கவில்லை. எந்த மேலிடமும் எனக்கு உத்தரவிடவில்லை. கதையை எழுதியவர் என்னிடம் வந்து அழவும் இல்லை. படித்தேன், ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன், நீக்கினேன்.

அந்தக் கருத்தில் ஐந்து வாக்கியங்கள் இருந்தன. நீங்கள் பகிர்ந்துகொண்டிருக்கும் படத்தில் மூன்றுதான் இருக்கின்றன. நான்காவது வாக்கியம் தொடங்கும் இடத்தில் படம் மிகச் சரியாக வெட்டப்பட்டிருக்கிறது. நாயகி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறுவது நம்பும்படியாக இல்லை, நீதிமன்றக் காட்சி தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது, நான்கு அத்தியாயங்களாகக் கதை நகரவே இல்லை என்பவை அந்த மூன்று வாக்கியங்கள். மூன்றும் நியாயமானவை, இரண்டாவதை நானே வழிமொழிவேன். நான்காவதும் ஐந்தாவதும் கதையைப் பற்றியவை அல்ல. கதையை எழுதியவரின் வீட்டைப் பற்றியவை, அவர் கணவரைப் பற்றியவை, இப்போது அவர் எந்த ஊரில் யாரோடு இருக்கிறார் என்பதைப் பற்றியவை. அவற்றை இங்கே எடுத்தெழுதி இரண்டாம் முறை பரப்ப எனக்கு மனமில்லை. போட்டி முடியும்வரை எழுத்தாளர்கள் எண்களாக மட்டுமே அறியப்படுவார்கள் என்பது நாமே ஏற்றுக்கொண்ட விதி. நடையை வைத்தே யார் எழுதுகிறார்கள் என்று நம்மில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும் என்பது உண்மைதான்; தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதைத்தான் இத்தனை நாள் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்படியானால் அந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் நீக்கியிருக்கலாமே" என்று ஒருவர் மிகுந்த பொறுமையோடு எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். நீக்கியிருக்கலாம், பொத்தானும் இருக்கிறது. ஆனால் ஒருவர் எழுதியதில் என் விருப்பத்துக்குப் பாதியை வெட்டிவிட்டு, மீதியை அவர் பெயரிலேயே நிற்க வைப்பது எனக்கு இதைவிடப் பெரிய குற்றமாகப் படுகிறது. ஒரு கருத்து இருந்தால் முழுதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முழுதாக இல்லாமல் இருக்க வேண்டும். அதனால்தான் நீக்கிய பத்தாவது நிமிடத்தில் அந்தக் கருத்தை எழுதிய வாசகிக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். முதல் மூன்று வாக்கியங்களை அப்படியே மீண்டும் பதியுங்கள், ஒரு எழுத்தைக்கூடத் தொட மாட்டேன் என்று எழுதினேன். செய்தி படிக்கப்பட்டுவிட்டது. இன்றுவரை அந்த மூன்று வாக்கியங்கள் திரும்பி வரவில்லை. கதையின் மீது அத்தனை அக்கறை உள்ளவருக்கு அந்த மூன்றும் ஏன் தேவைப்படவில்லை என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நக்கீரர் வந்தார். வராமல் இருப்பாரா? நெற்றிக்கண் திறந்தாலும் குற்றம் குற்றமே என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். நல்லது. திருவிளையாடல் கதையில் நக்கீரர் என்ன குற்றம் கண்டார்? பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் இல்லை, எனவே பாட்டில் பொருட்குற்றம் இருக்கிறது என்றார். தருமி ஏழை என்பதையோ, பொற்கிழிக்கு ஆசைப்பட்டு வந்தவன் என்பதையோ, அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதையோ அவர் அவையில் எடுத்துப் பேசவில்லை. இலக்கணத்தை இழுத்தால் நானும் இழுப்பேன். 13-ஆம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவர் ஒரு நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து என்று நன்னூலில் எண்ணி வைத்திருக்கிறார். அந்தப் பத்தும் நம் தொடர்கதைகளுக்கென்றே எழுதியவைபோல் இருக்கும். நாயகனின் கண்களை அத்தியாயத்துக்கு ஒருமுறை வருணித்தால் அது கூறியது கூறல். ஐந்தாம் அத்தியாயத்தில் இறந்த மாமியார் பதினைந்தாம் அத்தியாயத்தில் காபி கொண்டுவந்தால் மாறுகொளக் கூறல். சண்டைக் காட்சியின் நடுவே வத்தக்குழம்பு வைக்கும் முறையை ஒரு பக்கம் எழுதினால் மற்றொன்று விரித்தல். அட்டகாசமாகத் தொடங்கிய கதை இருபது அத்தியாயங்களுக்குப் பிறகு நூலிழையாகிவிட்டால் அதற்குத்தான் சென்று தேய்ந்து இறுதல் என்று பெயர். இந்தப் பத்தையும் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் கை வைக்க மாட்டேன். பதினோராவது குற்றமாக எழுதியவளின் இல்லறத்தைப் பவணந்தியார் சேர்க்கவில்லை. நானும் சேர்க்க மாட்டேன்.

இன்னொரு பெரியவர் படிக்காசுப் புலவரின் பாடலை எடுத்துப் போட்டிருக்கிறார். பிழையாகப் பாடுகிறவர்களைக் குட்டுவதற்குப் பிள்ளைப்பாண்டியன் இல்லை, காதை அறுப்பதற்கு வில்லி இல்லை, தலையை வெட்டுவதற்கு ஒட்டக்கூத்தன் இல்லை, அதனால்தான் கண்டவர்களும் கவி பாடித் திரிகிறார்கள் என்ற அங்கலாய்ப்பு. ரசித்தேன். ஆனால் வில்லிபுத்தூரார் கதையின் கடைசிப் பகுதியை அவர் ஏனோ விட்டுவிட்டார். வாதில் தோற்ற புலவர்கள் எல்லோருடைய காதையும் அறுத்துத் திரிந்தவர் அருணகிரிநாதரின் அந்தாதிச் செய்யுள் ஒன்றுக்குப் பொருள் சொல்ல முடியாமல் தோற்று, தம் காதை நீட்ட வேண்டியதாயிற்று என்றும், அருணகிரியார் அறுக்காமல் விட்டு, அந்தக் கருவியையே தூக்கி எறியச் செய்தார் என்றும்தான் அந்தக் கதை முடிகிறது. பெரியவரும் நம் தளத்தில் ஒரு கதை தொடங்கி, பதினொரு அத்தியாயங்களோடு நிறுத்தி வைத்திருக்கிறார். அதன் அடியில் வாசகர் கருத்துகள் சேரும் திரியில் இதுவரை யாரும் அவருடைய குடும்பத்தை விசாரிக்கவில்லை என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

கருத்துச் சுதந்திரம் என்று கூச்சலிடுகிறவர்களுக்கு நான் அதிகம் சொல்லப் போவதில்லை. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுகிறவரைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அரசு ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதும், நான் ஒரு கதையின் அடியிலிருந்து இரண்டு வரி வசையை எடுப்பதும் ஒன்றுதான் என்று உண்மையிலேயே நம்புகிறவரோடு வாதிட எனக்குத் தெம்பில்லை. அந்த ஐந்து வாக்கியங்களையும் உங்கள் சொந்தப் பக்கத்தில் பதியலாம். ஏன் பதியவில்லை?

மனிதர்கள் வேண்டாம், இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும், அதற்குப் பாரபட்சம் இல்லை என்று ஒரு யோசனையும் வந்திருக்கிறது. அந்தக் கூத்தும் ஆடிப் பார்த்தாயிற்று. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்கள் 'நாய்' என்று திட்டுவதைத் தடுக்க, naay என்ற அந்த நான்கு எழுத்துகளை ஒருமுறை தடைப்பட்டியலில் சேர்த்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் நாயகன், நாயகி என்று ஆங்கில எழுத்தில் எழுதிய அத்தனை கருத்துகளும் காத்திருப்பு வரிசையில் குவிந்து கிடந்தன. காதல் கதைகள் எழுதும் இடத்தில் நாயகனும் நாயகியும் இல்லாத கருத்து எது? அதே நாளில், ஒரு வசைச் சொல்கூட இல்லாமல், "உங்களுக்குக் குழந்தை இல்லாத ஏக்கம் எழுத்தில் நன்றாகவே தெரிகிறது சகோதரி" என்ற கருத்து இரண்டு பூக்களின் படத்தோடு எந்தத் தடையும் இன்றிப் பதிவாகியிருந்தது. வசைச் சொல்லை இயந்திரம் பிடிக்கும். வஞ்சத்தைப் பிடிக்க யாராவது ஒருத்தி உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும்.

எழுதியவரே முடிவு செய்யட்டும், நடுவில் நீ யார் என்ற கேள்வி மட்டும் யோசிக்க வைத்தது. ஆங்கிலத்தில் ரசிகர் புனைவுகளுக்கான (பிடித்த கதைகளின் மாந்தர்களை வைத்து ரசிகர்கள் எழுதுபவை) பெரிய காப்பகமான ஏஓ3-இல் அப்படித்தான் இருக்கிறது. தன்னார்வலர்கள் நடத்தி, 2019-இல் அறிவியல் புனைவு, மிகுபுனைவு உலகின் ஹியூகோ விருது வரை பெற்ற தளம் அது. அங்கே தன் படைப்புக்கு வரும் கருத்தை, தான் அனுமதித்த பிறகே தெரியும்படி வைத்துக்கொள்வதும், வேண்டாததை நீக்குவதும் எழுதியவரின் உரிமை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கருத்தை நீக்க வேண்டுமானால் எழுதியவர் முதலில் அதைப் படித்தாக வேண்டும். நம்மிடம் எழுதுகிறவர்களில் பலர் பிள்ளைகள் தூங்கிய பிறகு, சமையலறை மேடையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒரு விரலால் அத்தியாயம் தட்டுகிறவர்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு யூடி (அப்டேட், அதாவது புது அத்தியாயம்) போட்டுவிட்டு, காலையில் ஆசையாகத் திரியைத் திறக்கிறவர்கள். அந்த இரண்டு வாக்கியங்களை அவர்களுக்கு முன்னால் நான் படித்துவிட வேண்டும் என்பதுதான் இந்தச் சர்வாதிகாரியின் ஒரே அதிகாரம். சம்பளம் எவ்வளவு என்று கேட்டவருக்கு: பூஜ்யம். வேண்டுமானால் பாதியை உங்களுக்குத் தருகிறேன்.

என் அப்பா வார இதழ்களுக்கு வாசகர் கடிதம் எழுதிவந்தவர். தொடர்கதை வெளியாகும் ஒவ்வொரு வாரமும் அஞ்சலட்டையில் பொடி எழுத்தில், முகவரி எழுதும் பக்கத்தின் ஓரம்வரை நெருக்கி எழுதுவார். வியாழக்கிழமை கடையில் இதழ் தொங்கியதும் கதையைப் படிக்காமல் முதலில் கடிதப் பகுதியைப் பார்ப்பார். பதினைந்து ஆண்டுகளில் அவர் கடிதம் அச்சானது மூன்று முறை. மூன்றையும் கத்தரித்துப் பழைய டைரியில் ஒட்டி வைத்திருந்தார். அச்சாகாத வாரங்களில், "இந்த வாரம் நம்மைவிட நன்றாக எழுதியவர்கள் நான்கு பேர் இருந்திருக்கிறார்கள்" என்பார். ஆசிரியர் தன் குரல்வளையை நெரித்துவிட்டதாக ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது ஆயிரம் கருத்துகளில் ஒன்று நீக்கப்பட்டால் சர்வாதிகாரம். அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். அல்லது, என் மகளும் ஒரு ஆசிரியரம்மா ஆகிவிட்டாள் என்று தெருவுக்கெல்லாம் சொல்லியிருப்பார்.

"நீங்கள் 'சூப்பர் சிஸ்' மட்டும்தான் அனுமதிப்பீர்கள்" என்ற குற்றச்சாட்டு வலிக்கிறது. அதில் ஒரு முள் இருக்கிறது என்பதால்தான் வலிக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கதையில் நாயகனின் இதயத்துடிப்பு நின்று, திரையில் நேர்க்கோடு ஓடுகிறது. மருத்துவர் மின்னதிர்ச்சி கொடுக்கிறார். நாயகன் கண் விழித்து நாயகியின் பெயரைச் சொல்கிறான். செவிலியராகப் பணிபுரியும் ஒரு வாசகி அதற்குக் காரமாக எழுதியிருந்தார். நேர்க்கோடு ஓடும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதில்லை, மார்பை அழுத்தி அட்ரினலின் ஊசிதான் போடுவார்கள், இதைக்கூட விசாரிக்காமல் சினிமா பார்த்துவிட்டு எழுத உட்காருகிறார்களே என்பது அவர் கருத்து. எழுதியவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து அரை மணி நேரம் அழுதார். நான் நீக்கிவிட்டேன். அது தவறு. கதையைப் பற்றிய, உண்மையான, பயனுள்ள கருத்து அது. அந்தச் செவிலியர் அதன் பிறகு எந்தத் திரியிலும் எழுதவில்லை. மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்தி அவர் கணக்கில் இன்னும் படிக்கப்படாமலே கிடக்கிறது. ஆகவே நான் தவறே செய்யாதவள் என்று வாதாட வரவில்லை. அன்று கதையைப் பற்றிய கருத்தை, எழுதியவரைப் பற்றியது என்று எண்ணி நீக்கினேன். சனிக்கிழமை எழுதியவரைப் பற்றியதைத்தான் நீக்கினேன். இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியவில்லையா, தெரிய விருப்பமில்லையா?

நியாயமாகப் பார்த்தால் என் கோபம் அந்தக் கருத்தை எழுதியவர் மீதுகூட இல்லை. நான் பார்ப்பதற்கு முன் அது நான்கு மணி நேரம் அங்கே இருந்தது. அதற்குள் நாற்பத்தொரு பேர் லைக் போட்டிருந்தார்கள். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். புத்தகக் கண்காட்சியில் என்னோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். கதையை எழுதியவரை "என் உடன்பிறவாத் தங்கை" என்று போன பொங்கலுக்கு வாழ்த்திய அக்கா ஒருவர் இருந்தார். நாற்பத்தொருவரில் ஒருவர்கூட 'புகார்' பொத்தானை அழுத்தவில்லை. "கதையின் போக்கைப் பற்றிய வரிகளுக்குத்தான் லைக் போட்டேன்" என்று இருவர் இப்போது விளக்கம் தருகிறார்கள். முதல் மூன்று வாக்கியங்களுக்கு மட்டும் லைக் போடும் வசதி நம் தளத்தில் எப்போது வந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. விழா மேடையில் பொன்னாடை போர்த்திய அதே கைகள்தானே இவை! அந்தப் படங்களை எல்லாம் நேற்று இரவு பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் நானும் வீடுகளுக்குள் புகுந்துவிடுவேன்.

24-ஆம் அத்தியாயம் திங்கட்கிழமை வந்திருக்க வேண்டும், வரவில்லை. போட்டியின் கடைசி நாள் நெருங்குகிறது. இன்று காலை அந்தத் திரியில் புதிதாக இரண்டு கருத்துகள் வந்திருக்கின்றன. ஒன்றில், "அடுத்த யூடி எப்போது சிஸ், ஆவலாக இருக்கிறோம்" என்று இருக்கிறது. மற்றொன்றில், "எழுத முடியாதவர்கள் எதற்குப் போட்டியில் கலந்துகொள்கிறீர்கள்?" என்று இருக்கிறது. இரண்டும் கதையைப் பற்றியவைதான். இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன்.