ஜோ ஜாக்சன் முன்னால் நீட்டப்பட்ட காகிதங்கள்

1919-இல் அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றதாகச் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் எட்டு பேர் மீது குற்றச்சாட்டு. அவர்களில் ஒருவர் ஷூலெஸ் ஜோ ஜாக்சன். அவருக்காக யார் வாதாடினாலும் அந்தத் தொடரின் கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். 12 ஹிட், .375 சராசரி (ஆயிரம் வாய்ப்புக்கு 375 ஹிட் என்ற கணக்கு), அந்தத் தொடரிலேயே ஒரே ஹோம் ரன், ஃபீல்டிங்கில் ஒரு பிழைகூட இல்லை. தோற்பதற்காக ஆடியவர் இப்படியா அடிப்பார் என்பது கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் அவர் பணம் வாங்கினார். 20,000 டாலர் பேசி 5,000 கொடுத்தார்கள் என்று கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடுக்கலாமா என்று முடிவு செய்யும் குழு) முன்பு அவரே சொன்னார். அதை மறைத்துவிட்டு அவருக்காகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

என்னை உறுத்துவது வேறு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

சவுத் கரோலைனாவில் பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் பஞ்சாலைக்குப் போன பையன். ஆலை அணியில் ஆடித்தான் வெளியே தெரிந்தார். புது ஷூ காலைக் கடித்ததால் ஒருநாள் காலுறையோடு ஆடினார், பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1911-இல் கிளீவ்லாந்துக்காக .408 அடித்தார். பத்துக்கு மூன்று அடித்தாலே பெரிய ஆள் என்கிற ஆட்டம் இது. அந்த வருடம் டை காப் .420 அடித்துவிட்டதால் இவருக்கு இரண்டாம் இடம்! பேப் ரூத்தே இவருடைய மட்டை வீச்சைப் பார்த்துத்தான் தன் வீச்சை அமைத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்.

மட்டையைக் கீழே வைத்துவிட்டால் மனிதர் நிராயுதபாணி. 1920-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் மூன்று வருட ஒப்பந்தம் ஒன்றை அவர் முன்னால் நீட்டியது. பத்து நாள் அறிவிப்பில் வேலையை விட்டு நீக்கலாம் என்ற பிரிவை எடுத்துவிட்டோம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது ஜாக்சன் தரப்பு. எப்போதும் படித்துச் சொல்லும் மனைவி கேட்டி அப்போது பக்கத்தில் இல்லை. அந்தப் பிரிவு காகிதத்தில் அப்படியே இருந்தது.

அதே வருடம் செப்டம்பரில் கிராண்ட் ஜூரி. தன் சட்டப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும் தாளிலும் கையெழுத்துப் போட்டார். அவருக்கு அன்று யோசனை சொன்ன வக்கீல் யார் தெரியுமா? அணி முதலாளி சார்லஸ் கமிஸ்கியின் வக்கீல் ஆல்ஃப்ரெட் ஆஸ்ட்ரியன். இதைப் படித்த அன்றிலிருந்து என்னால் இந்த வழக்கைப் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. அந்த வருடம் அவர் .382 அடித்துக்கொண்டிருந்தார். அதுவே கடைசி சீசன்.

1921 ஆகஸ்ட் 2-இல் ஜூரி அவரை விடுவித்தது. மறுநாளே பேஸ்பால் நிர்வாகத்தின் தலைவரான கமிஷனர் லாண்டிஸ் எட்டு பேரையும் ஆயுளுக்கும் தடை செய்தார். சம்பள பாக்கிக்காக ஜாக்சன் போட்ட வழக்கு 1924-இல் மில்வாக்கியில் விசாரணைக்கு வந்தது. 1921 விசாரணைக்கு முன் காணாமல் போயிருந்த அவருடைய பழைய வாக்குமூலம் இப்போது கமிஸ்கி தரப்பு வக்கீலிடமிருந்து வந்தது! ஜூரி ஜாக்சன் பக்கம் நின்றது. அவர் முன்னுக்குப்பின் முரணாகச் சாட்சி சொன்னார் என்று நீதிபதி தீர்ப்பை ரத்து செய்தார். முரண் இருந்தது உண்மை. அந்தத் தாள் எப்படி அங்கே போனது என்பதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவேண்டி வரவில்லை.

அப்புறம் கிரீன்வில்லில் மதுக்கடை வைத்துப் பிழைத்து, 1951-இல் இறந்துபோனார்.

2025 மே மாதம் இறந்தவர்கள் மீதான தடையை கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட் நீக்கினார். பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஆள் தேர்ந்தெடுக்க 2027 டிசம்பரில் கூடும் குழு இவர் பெயரை எடுத்துக்கொள்ளலாம். அங்கே இவருக்குப் பலகை வைக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வாழ்நாள் சராசரி .356 என்று அதில் எழுதட்டும். அந்த 5,000 டாலரையும் எழுதட்டும்.