சிப்பி தின்றதும் பாடம்தான்

அந்தப் பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நேற்றிலிருந்து அதையே ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் இங்கே மறுபடி ஒட்டவில்லை. வெள்ளத் தடுப்பைப் பார்த்துப் படிக்க நெதர்லாந்துக்கு வந்த நம்மூர் கல்லூரிப் பிள்ளைகள், ஒரு கறுப்புப் பானை நிறைய சிப்பியை நடுவில் வைத்துக்கொண்டு சிரிக்கிற படம். மேலே, "வெள்ளத் தடுப்பு ஆராய்ச்சி மும்முரமாக நடக்கிறது" என்று ஒரு வரி. கீழே மொத்த ஊரும் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்தச் சிப்பி பாடத்திட்டத்தில் இருந்தது. அதைச் சேர்த்தது நான். கிண்டல் செய்ய வேண்டுமென்றால் இந்த மூஞ்சியைப் போட்டுச் செய்திருக்கலாம், இருபது வயதுப் பிள்ளைகள் கிடைத்தார்களா?

கதை தெரியாதவர்களுக்காக. 1953 ஜனவரி 31 இரவு, வடமேற்கிலிருந்து பெரும்புயல், கூடவே பௌர்ணமியை ஒட்டிய கடல் ஏற்றம். தென்மேற்கே ஸேலாந்து மாகாணத்துப் பக்கம் கரைகள் வரிசையாக உடைந்தன. தூக்கத்திலேயே பலர் போய்விட்டார்கள். இறந்தவர்கள் 1,836 பேர். இனி இப்படி நடக்கவே கூடாது என்று கடல் உள்ளே வரும் வாய்களை ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்கினார்கள். ஓஸ்டர்ஸ்கெல்டே என்கிற கழிமுகத்தையும் முழுசாக அடைத்துவிடுவதுதான் முதல் திட்டம். வேலையும் நடந்துகொண்டிருந்தது. அடைத்தால் உப்புத் தண்ணீர் போய்விடும், சிப்பி சாகும், இயர்செகே என்கிற மீனவ ஊர் சேர்ந்து சாகும். மீனவர்கள் எதிர்த்தார்கள், சுற்றுச்சூழல்காரர்கள் கூடச் சேர்ந்தார்கள். 1970களின் நடுவில் அரசு பின்வாங்கியது. ஏற்கெனவே போட்டிருந்த திட்டத்தைக் கிழித்துவிட்டு, கூடுதல் செலவில் 62 இரும்புக் கதவுகள் வைத்த தடுப்பு ஒன்றைக் கட்டினார்கள். 1986-இல் திறந்தார்கள். கடல் சராசரி மட்டத்துக்கு மேல் மூன்று மீட்டர் ஏறும் என்று கணிப்பு வந்தால் கதவுகள் இறங்கும். மற்ற நாளெல்லாம் திறந்தே கிடக்கும், கடல் வரும், போகும், சிப்பி வளரும்.

அந்தக் கதவுகள் ஏன் திறந்திருக்கின்றன என்ற கேள்விக்குப் பதில் அந்தப் பானையில் இருந்தது. காலையில் தடுப்பின் மேல் நின்று பார்த்தார்கள், மத்தியானம் அது காப்பாற்றியதைத் தின்றார்கள். (சைவப் பிள்ளைகள் உருளைக்கிழங்கு வறுவலோடு சமாளித்தார்கள். அதையும் யாராவது கேட்பீர்கள்.)

மாஸ்லாண்ட் தடுப்புக்கும் போனோம். ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளமுள்ள இரண்டு கதவுகள். ராட்டர்டாம் துறைமுகத்துக்குப் போகிற நீர்வழியை மூடுவதற்கு. 2023 டிசம்பர் புயலில் கணினி தானாகவே முடிவெடுத்து அதை மூடியது. பிள்ளைகள் அங்கே எடுத்த படங்களும் அதே ஆல்பத்தில்தான் இருக்கின்றன. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு நிற்கிற படங்கள். அதை ஒருவரும் பகிரவில்லை. பகிர்ந்தால் சிரிப்பு வராதே.

இங்கே வெள்ளத் தடுப்பையும் கலாச்சாரத்தையும் தனித்தனி டப்பாவில் போட முடியாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயார். கரையை மட்டும் அளந்துவிட்டுத் திரும்புவது, கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தல் காலை எண்ணிவிட்டு வருவது மாதிரி.

நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை. நாடாளுமன்றத் தேர்தலில் எனக்கு வாக்கு கிடையாது. ஆனால் 2023 மார்ச்சில் நீர் வாரியத் தேர்தல் நடந்தபோது எனக்கும் வாக்குச்சீட்டு வந்தது. இந்த நாட்டில் 21 நீர் வாரியங்கள். ரைன்லாண்ட் வாரியம் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. கரை, கால்வாய், பம்பு, கழிவுநீர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதற்குத் தனி வரி, தனித் தேர்தல். வருஷா வருஷம் பில் வரும்போது எனக்கும் வயிறு எரியும். ஆனாலும் கட்டுகிறேன், ஏனென்றால் அந்தக் காசு எந்தக் கரைக்குப் போகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இதைப் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகத்தில் காட்டுவது?

நீச்சல் குளத்துப் படத்துக்கும் ஒரு நையாண்டி வந்தது. இங்கே குழந்தைகள் நீச்சல் சான்றிதழ் வாங்க, உடுத்திய துணியோடும் காலில் செருப்பு, ஷூவோடும் நீந்திக் காட்ட வேண்டும். வாய்க்காலில் விழுகிற குழந்தை நீச்சலுடையில் விழாது, அதனால். என் மகளை முதல் முறை முழு உடையோடு தண்ணீரில் இறக்கியபோது என் மனைவி எழுந்து நின்று கத்தியே விட்டாள். பக்கத்தில் இருந்த பாட்டி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அந்தப் பாட்டி ஸேலாந்துக்காரர். 1953 அவருக்கு நினைவிருக்கிறது. இதுவும் வெள்ளத் தடுப்புதான் சார். கான்கிரீட் இல்லாத வெள்ளத் தடுப்பு.

எங்கள் தெருவில் ஒரு தச்சர் இருக்கிறார். ஆற்றில் தண்ணீர் ஏறினால் டார்ச்சும் ரப்பர் பூட்ஸுமாகக் கரையில் ரோந்து போகிற தொண்டர் படையில் அவரும் ஒருவர். எங்கே கசிகிறது, எங்கே புல் பெயர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவரைப் பார்த்தால் எனக்குத் தாத்தா நினைவுதான் வரும். எங்கள் ஊர் கொள்ளிடக் கரை. வெள்ளம் வந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் கரைக்காவலுக்குப் போவார்களாம். மண்வெட்டி, மூங்கில், வைக்கோல் பிரி, லாந்தர். எலி வளையில் தண்ணீர் சுழிக்கிற சத்தத்தைத் தூரத்திலிருந்தே தாத்தா கண்டுபிடிப்பார் என்று அத்தை சொல்வார். என் அப்பா காலத்தில் "அதுக்குத்தான் பொதுப்பணித்துறை இருக்கே" என்று ஆகிவிட்டது. என் காலத்தில் நான் இங்கே வந்துவிட்டேன்.

சரி, அடுத்தது கல்லணைக்காரர்கள். "கரிகாலன் பரம்பரைக்கு வெள்ளைக்காரன் சொல்லித்தர வேண்டுமா?" ஐயா, கல்லணையை யாரும் மறுக்கவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்குக் குடவோலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்த செய்தி இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டு. இவர்களுடைய ரைன்லாண்டுக்கு முந்நூறு வருஷம் மூத்தது. அதை வாட்ஸப்பில் எனக்கு அனுப்புவதும் நீங்கள்தான். ஆனால் உங்கள் ஊர் ஏரிக்கு இன்று பொறுப்பாளர் யார், அவரை எப்போது தேர்ந்தெடுத்தீர்கள்? ஏரி இருக்கிறதா, இல்லை நகர் என்று பெயர் மாறிவிட்டதா? இங்கே வந்து ஒரு நீர் வாரியத்தின் கூட்டத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு உத்திரமேரூர் உங்களைவிட நன்றாகப் புரிந்தது. அன்று மாலை அவர்களாகவே அந்தக் கல்வெட்டைத் தேடிப் படித்தார்கள். நான் சொல்லவில்லை.

"அங்கே கடல், இங்கே மழை, இதுவும் அதுவும் ஒன்றா?" இது நியாயமான கேள்வி. ஒன்றில்லை. நான்கே நாளில் ஒரு மாத மழையைக் கொட்டுகிற வடகிழக்குப் பருவமழை இவர்களுக்குத் தெரியாது. 2021 ஜூலையில் தெற்கே வால்கன்பர்க்கில் பெருமழை பெய்து ஓடை ஊருக்குள் புகுந்தபோது இவர்களும் திகைத்துத்தான் நின்றார்கள். கூட வந்த பேராசிரியர் இதையே இங்குள்ள பொறியாளரிடம் கேட்டார், அவரும் ஒத்துக்கொண்டார். எதைக் காப்பியடிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளவும் நேரில் வரத்தான் வேண்டும்.

செலவு பற்றி: வசதியுள்ளவர்களுக்குத்தான் இதெல்லாம் கிடைக்கிறது என்பது உண்மை. அதற்குக் கல்லூரிகளைக் கேளுங்கள், பிள்ளைகளை ஏன் கேட்கிறீர்கள்?

"கொள்ளையடித்தவன் நாடு" என்றும் ஒருவர். ஆமாம். பழவேற்காட்டில் கோட்டை கட்டியவர்கள், அங்கிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியவர்கள். பிள்ளைகள் அதையும் பேசினார்கள். அந்தப் பேச்சுக்குப் படம் இல்லை, அவ்வளவுதான்.

ஓவர்டீப் என்ற தாழ்நிலத்தில் ஆறு பெருகினால் தண்ணீரை வயல்களுக்குள் விடுவது என்று அரசு முடிவு செய்தபோது, அங்கிருந்த விவசாயிகளே ஒரு மாற்றுத் திட்டம் கொண்டுவந்தார்கள். மேடு கட்டி அதன்மேல் பண்ணைகளை அமைக்கிறோம், சிலர் போகிறோம், சிலர் இருக்கிறோம் என்று. அரசு ஏற்றுக்கொண்டது. எட்டுப் பண்ணைகள் மேட்டின் மேல் இன்றும் இருக்கின்றன. இதை நான் சொன்னதும் ஒரு பையன் பெரும்பாக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். ஆற்றோரம் இருந்தவர்களை வெள்ளத்திலிருந்து காக்கிறோம் என்று சொல்லி, சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொண்டுபோய்க் குடிவைத்தது பற்றி. அவர்களிடம் யாராவது மேடு வேண்டுமா, வேறு யோசனை இருக்கிறதா என்று கேட்டார்களா என்றான். பேருந்தில் யாரும் பதில் சொல்லவில்லை. டிரைவர் மட்டும் ஏன் எல்லோரும் அமைதியாகிவிட்டீர்கள் என்று கேட்டார்.

இப்போது அந்தப் படத்தில் ஓரமாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிற பெண். உங்களில் பலர் அவளைத் தனியாக வெட்டி எடுத்து வட்டம் போட்டிருக்கிறீர்கள். "அப்பன் காசு", "இதுதான் என்ஜினியரா", அதற்கும் கீழே நான் எழுத விரும்பாதவை. அந்தப் பெண்ணின் வீடு முடிச்சூர். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது தொடக்கப்பள்ளிப் பிள்ளை. மாடியில் இருந்து படகில் இறக்கப்பட்டவள். இந்தப் படிப்பை அவள் ஏன் எடுத்தாள் என்று நான் விளக்க வேண்டுமா?

அவுவர்கெர்க்கில் வெள்ள அருங்காட்சியகம் இருக்கிறது. 1953-இன் கடைசி உடைப்பை அடைக்க, உலகப்போர் காலத்தில் செய்த பிரம்மாண்டக் கான்கிரீட் பெட்டிகள் நான்கைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அருங்காட்சியகம் அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே, அந்த வெள்ளத்தில் இறந்தவர்களின் பெயர்கள் உண்டு. மற்றவர்கள் அடுத்த பெட்டிக்குப் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். பிறகு வந்து, "அங்கிள், 2015-ல செத்தவங்க பேரு நம்ம ஊர்ல எங்க போய்ப் பாக்கலாம்?" என்றாள். நான் வாட்டர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். வேறென்ன செய்ய?

அதற்கு அடுத்த நாள்தான் சிப்பி. முந்தின நாள் அழுத பெண் மறுநாள் சிரித்தாள். சிரிக்கக் கூடாதா? கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் ஊர் திரும்பும்வரை துக்க முகத்தோடுதான் திரிய வேண்டுமா? நீங்கள் பயிற்சி வகுப்பு, மாநாடு என்று போகும்போது பஃபே வரிசையில் முதலில் நிற்பது யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன்.

ஆல்பத்தைப் பிள்ளைகள் நேற்று இரவு நீக்கிவிட்டார்கள். கதவுகள், பம்பு நிலையம், வாரியக் கூட்டம், எல்லாமே அதோடு போயிற்று. அந்தப் பெண் தன் கணக்கையே மூடிவிட்டாள்.

பின்னூட்டப் பெட்டி திறந்திருக்கிறது. என்னைத் திட்டுங்கள், படிக்கிறேன், முடிந்தால் பதிலும் சொல்கிறேன். அந்தப் படத்தை இங்கே கொண்டுவந்து போடுகிறவர்கள் பழைய நண்பர்களாக இருந்தாலும் சரி, சொந்தக்காரர்களாக இருந்தாலும் சரி, கேட்காமல் தூக்கிவிடுவேன்.