திறப்பு யார் கையில் இருந்தது?

போன கிழமை அட்டன் வீட்டில் அலுமாரியை ஒதுக்கும்போது எங்கள் மாணவர் பத்திரிகையின் பழைய தாள்கள் கிடைத்தன. இதழுக்கு நாலு பக்கம். ஏழு இதழ்தான் வந்தது.

அதை எப்படிப் போட்டோம் என்று இப்போது கம்பஸில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வேண்டும். தமிழ் டைப்ரைட்டர் கிடைக்காததால் ஸ்டென்சில் தாளில் கையால்தான் எழுதினோம். அழுத்தினால் தாள் கிழியும். அழுத்தாவிட்டால் மை இறங்காது. 'ழு' எழுதும்போது சுழியில் கட்டாயம் கிழியும். மழைக்காலத்தில் அறைக்குள்ளேயே மேகம் வந்துவிடும். தாள் ஈரித்து, ஸ்டென்சிலிலிருந்து பிரதி எடுக்கும் ரோனியோ மெஷினுக்குள் மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு போகும். தேத்தண்ணி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்து அடித்திருக்கிறோம். செலவெல்லாம் மகாபொலப் புலமைப்பரிசுக் காசு.

எட்டாவது இதழில் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதினோம். ஸ்டென்சிலோடு போனால் மெஷின் இருந்த அறை பூட்டியிருந்தது. தடை என்று ஒருவரும் சொல்லவில்லை. திறப்பைக் காணவில்லை என்றார்கள். மூன்று கிழமை அதற்காக நடந்தோம். பிறகு பரீட்சை வந்துவிட்டது.

அன்றைக்கு எங்களுக்குக் கோபம் வந்ததே தவிர, மெஷின் எங்களுடையதாக இருந்திருக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. 1971-ல் கருக்கலைப்புக்கு எங்கே போகலாம் என்ற பட்டியலை 'புளோரிடா அலிகேட்டர்' பத்திரிகை கொடுத்தது. அப்படித் தகவல் கொடுப்பதே அந்த மாநிலத்தில் அப்போது குற்றம். பட்டியலைத் தனித்தாளில் ரோனியோ மாதிரி அடித்து, பத்திரிகைக்குள் செருகித்தான் கொடுத்தார்கள். ஆசிரியர் ரான் சாக்ஸ் கைதானார். ஆனால் அந்தச் சட்டமே நீதிமன்றத்தில் விழுந்தது. 1973-ல் பத்திரிகை பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்து, பெயருக்கு முன்னால் 'சுதந்திர' என்று சேர்த்துக்கொண்டது. விளம்பரக் காசில் தன் காலில் நின்றது. அந்தச் செருகு தாளைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் பக்கத்தில் எழுத்துக்குக் குறைவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' 1948-ல் தொடங்கியது, பல்கலைக்கழகம் கொழும்பில் இருந்த காலத்திலேயே. மலையகத்து மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். இளங்கதிர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அது ஆண்டு மலர்; இந்தக் கிழமை குழாயில் தண்ணீர் வராததை அதில் எழுத முடியாது. அதோடு சங்கம் என்றால் விரிவுரையாளர் ஒருவர் பெரும்பொருளாளராக இருப்பார். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் காசுப்பெட்டி மாணவர் கையில் இல்லை.

தேயிலைத் தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரி மாதிரி உள்ளே போனவர் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர். அவர் 1920-களிலேயே சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார். அவர் மனைவி மீனாட்சி அம்மையும் கூடவே நின்று எழுதினார். தோட்டத்து லய வீடுகளிலிருந்து கம்பஸுக்குப் போன நாங்கள் நடேசய்யரைப் பற்றிக் கட்டுரை எழுதினோம். அவர் செய்ததைச் செய்யவில்லை.

இப்போது படிக்கும் பிள்ளைகளிடம் கேட்கிறேன்: ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு, வெளியே ஒரு கடையில் பிரிண்ட் எடுத்து, மாதம் நாலு பக்கம் போடுங்கள். முதலாம் வருடத்துப் பிள்ளைகள் இருவரை இன்றைக்கே சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதைச் செய்யாததால்தான் பரீட்சையோடு எல்லாம் நின்றது. முதல் ஆறு மாதச் செலவில் பாதி என்னுடையது.

எங்கள் பேட்ச் ஆட்கள் யாராவது இதைப் பார்த்தால்: என்னிடம் ஐந்து இதழ்தான் இருக்கிறது. மூன்றாவதும் ஆறாவதும் இருந்தால் ஃபோட்டோ எடுத்து இன்பாக்ஸில் போடுங்கள். எட்டாவதின் ஸ்டென்சிலை யார் வீட்டுக்குக் கொண்டுபோனது?