"அடுத்த தடவை நல்ல சாட்சியோட வாங்க"

போன ஞாயிறு சபையில், கர்த்தர் தங்களுக்குச் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில், ஒரு அக்காவுக்கு என்ன நடந்தது என்று நம்ம சபை ஆட்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. வீடியோவைப் பார்த்துவிட்டீர்கள். அதற்குக் கீழே நடந்த சண்டையையும் பார்த்துவிட்டீர்கள். நாலு நாள் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி குழுவில் ஒரு சகோதரர் "போதும்னு சொல்றது சோம்பேறியோட சாக்கு, அதுக்குப் பேர் ஆவிக்குரிய தேக்கம்" என்று போட்டார். வரிசையாக ஆமென், ஆமென், ஆமென். அதற்கு மேல் முடியவில்லை.

அந்த அக்கா அப்படி என்ன சொல்லிவிட்டார்? "இந்த வருஷம் எதுவும் மாறலை. நான் கேட்டது ஒண்ணும் நடக்கலை. ஆனா கர்த்தர் என்கூட இருக்கார். எனக்கு அது போதும்." அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவருக்கு முன்னால் பேசியவர் பதவி உயர்வு, புது வீடு, பையனுக்கு வெளிநாட்டில் சீட்டு என்று பதினொரு நிமிடம் பேசினார் (வீடியோவில் நேரம் தெரிகிறது, நானாகச் சொல்லவில்லை). ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். அக்கா முடித்ததும் கூட்டத்தை நடத்தியவர் மைக்கை வாங்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு, "பரவாயில்லம்மா, விசுவாசத்தை விட்டுடாதீங்க. அடுத்த தடவை நல்ல சாட்சியோட வாங்க." சபையும் சிரித்தது.

நல்ல சாட்சி! அப்படியானால் அவர் சொன்னது எந்த ரகம்?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. 'போதும்' என்று ஒருவர் உண்மையாகவே சொல்ல முடிந்தால், அதுதான் வளர்ச்சி. ஏதோ கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு என்று அதை நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மனரம்மியம், அதாவது போதும் என்கிற மனநிறைவு, அதைப் பற்றி அப்போஸ்தலன் பவுல் ஒரு சபைக்கு அனுப்பிய நிருபத்தில் என்ன எழுதினார்? "எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்." கற்றுக்கொண்டேன். அந்த வார்த்தையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இரட்சிக்கப்பட்ட அன்றைக்கே கூடவே வந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. தமஸ்கு வழியில் ஒளியைக் கண்டவர், மூன்றாம் வானம் வரை எடுத்துக்கொள்ளப்பட்டவர், அவரே உட்கார்ந்து படிக்கவேண்டிய பாடமாக இருந்திருக்கிறது இது. அடுத்த வசனத்தில் "போதிக்கப்பட்டேன்" என்கிறார். அங்கே கிரேக்கத்தில் இருக்கும் சொல், அந்தக் காலத்து மறைசமயங்களில் ஒருவருக்குத் தீட்சை கொடுத்து உள்ளே சேர்த்துக்கொள்வதற்குப் புழங்கிய சொல். பட்டினியும் குறைவும் அவருக்குத் தீட்சை. இதை எழுதும்போது மனிதர் காவலில் கட்டுண்டு கிடக்கிறார். வழக்கு எப்படி முடியும், உயிரோடு வெளியே வருவோமா என்பதே தெரியாது. நம்ம அளவுகோலின்படி பார்த்தால் அவரிடமும் அன்றைக்கு நல்ல சாட்சி எதுவும் இல்லை. மைக்கை வாங்கியிருப்போம்.

அதற்கடுத்த வசனத்தை எடுத்துத்தான் பனியனிலும் காபிக் கோப்பையிலும் அச்சடித்து வைத்திருக்கிறோம். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." தேர்வுக்கு அது, போட்டிக்கு அது, வியாபாரத்துக்கு அது. முந்தின வசனத்தோடு சேர்த்துப் படித்தால் அந்த 'எல்லாவற்றையும்' என்பதில் பட்டினி கிடப்பதும் இருக்கிறது. அதை யாரும் பனியனில் போடுவதில்லை.

இன்னொன்று. மனரம்மியம் என்று நம் வேதாகமத்தில் இருக்கிற இடத்தில் மூலத்தில் உள்ள சொல், ஸ்தோயிக்கர்கள் என்ற அந்தக் காலத்துத் தத்துவவாதிகள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட சொல்: எவர் தயவும் வேண்டாம், எனக்கு நானே போதும் என்கிற நிலை. பவுல் அதை எடுத்துத் தலைகீழாகத் திருப்புகிறார். எனக்கு நான் போதாது, என்னைப் பெலப்படுத்துகிறவர் போதும். அக்கா சொன்னதும் அதேதான், ஒரு எழுத்து மாறாமல். கிரேக்கம் படிக்காமலே சொல்லிவிட்டார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

அப்பா படுக்கையில் இருந்த மூன்று வருடமும் சாட்சி நேரம் வந்தால் நான் குனிந்துகொள்வேன். என்ன சொல்ல? "இந்த வாரமும் அப்பா எழுந்திருக்கவில்லை, ஸ்தோத்திரம்" என்றா? முதல் வருடம் எனக்குக் கோபம்தான். கர்த்தர்மேல் கோபம், எட்டிப் பார்க்காத சொந்தங்கள்மேல் கோபம், ஒன்றும் அறியாத அப்பாமேல்கூடக் கோபம். துணி மாற்றும்போது கை முரட்டுத்தனமாகப் போகும். அவர் முகம் சுருங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும். இரண்டாவது வருடமும் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றாவது வருடத்தில் ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும், விரிப்பை அலசிக்கொண்டிருக்கிறேன். சட்டென்று உறைத்தது, இன்றைக்கு எனக்குக் கோபம் இல்லை. சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை. தரிசனம், சத்தம், ஒன்றும் கிடையாது. அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்தபோது கை மெதுவாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டரை வருடம் ஆயிற்று அந்தக் கை மெதுவாவதற்கு. என் வாழ்க்கையில் ஆவிக்குரிய வளர்ச்சி என்று ஏதாவது இருந்தால் அது அதுதான். அதற்கு முன்னால் முடித்த வேதபாடச் சான்றிதழ்கள், உபவாசக் கணக்கு, எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. இதைப் போய் மைக்கில் சொன்னால் யார் கைதட்டுவார்கள்?

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் லாரன்ஸ் என்றொரு மடத்துச் சகோதரர் இருந்தார். போரில் அடிபட்டவர், படிப்பு கிடையாது. மடத்தில் அவருக்குக் கொடுத்தது சமையலறை வேலை. அவருக்கு அது பிடிக்கவும் பிடிக்காது. வருடக்கணக்கில் அதைச் செய்தார். பிறகு செருப்புத் தைக்கிற வேலை. 1691இல் இறந்துபோனார். பாத்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலும் தேவனோடு இருக்க முடிகிறது என்று அவர் சொன்னதைத்தான் இன்றுவரை ஜனங்கள் தேடிப் படிக்கிறார்கள். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்ததாக எங்கும் படித்ததில்லை.

இப்போது பதில்கள். வரும் என்று தெரியும், நானே எடுத்துக்கொள்கிறேன்.

"அப்போ ஆசீர்வாதத்தைச் சாட்சியா சொல்றது தப்பா?" இல்லை. அடுத்தது.

"உங்களுக்கு வீடு கிடைக்கலைன்னு பொறாமை." இதை ஏற்கெனவே ஒருவர் தனியாக அனுப்பிவிட்டார், நன்றி. பொறாமை இல்லை என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். பதினொரு நிமிடத்தில் ஏழாவது நிமிடம் வாக்கில் கொஞ்சம் இருந்தது. ஆனால் என் பொறாமையை நிரூபித்துவிட்டால் அக்காவிடம் சொன்னது சரியாகிவிடுமா?

"கனி வேணும் சகோதரரே, வளர்ச்சின்னா கண்ணுக்குத் தெரியணும்." தெரியணும், ஒத்துக்கொள்கிறேன். கலாத்தியர் நிருபத்தில் ஆவியின் கனி என்று ஒன்பது சொல்லியிருக்கிறதே, அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று. அதில் புது வீடு எத்தனையாவது? மாற்கு சுவிசேஷத்தில் விதை உவமை இருக்கிறது. விதைத்தவன் தூங்குகிறான், எழுந்திருக்கிறான், அது முளைக்கிறது. எப்படி என்று அவனுக்கே தெரியாது. விதைத்தவனுக்கே தெரியாதது வாராவாரம் மேடையில் தெரிந்தாகவேண்டும் என்றால் எப்படி? நம் ஆண்டவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியம் தொடங்கும்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது. அதுவரை தச்சு வேலை. அந்த வருடங்களைப் பற்றி லூக்கா எழுதுவது பெரும்பாலும் ஒரு வரி: ஞானத்திலும் வளர்த்தியிலும் விருத்தியடைந்தார். ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறும்போது வானத்திலிருந்து சத்தம் வருகிறது, "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்." அதுவரை ஒரு குருடன் பார்வையடையவில்லை, ஒரு பிரசங்கம் நடக்கவில்லை. பிதா எதைப் பார்த்துப் பிரியமாயிருந்தார்? அந்த முப்பது வருடத்தைத்தானே?

இன்னொரு எதிர்ப்பு இருக்கிறது. அதை மட்டும் என்னால் தட்டிவிட முடியவில்லை. என் தங்கை கேட்டாள்: "போதும்னு இருன்னு எப்பவும் யாருக்குச் சொல்றாங்கன்னு கவனிச்சிருக்கியா? அடி வாங்குற பொம்பளைக்கு. கூலி கிடைக்காதவனுக்கு. இருக்கிறவன்கிட்ட யாரும் சொல்றதில்ல."

உண்மை. பச்சை உண்மை. இந்த வசனத்தை வைத்து எத்தனையோ பேரின் வாயை அடைத்திருக்கிறார்கள். அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். யோவான்ஸ்நானன் "உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்" என்றது கையில் ஆயுதம் வைத்திருந்த போர்ச்சேவகரிடம், அவர்களிடம் கொள்ளைபோனவர்களிடம் அல்ல. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியிருக்கிறார், அந்தக் கூக்குரலை அடக்கச் சொல்லி எழுதவில்லை. மனரம்மியத்தைப் பற்றிய அந்த நிருபம் எந்த ஊருக்குப் போனது? பிலிப்பிக்கு. அதே பிலிப்பியில்தான் பவுலையும் சீலாவையும் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். நடுராத்திரி பாடினார்கள், அது எல்லோருக்கும் தெரியும், பாட்டுப் பாடும்போதெல்லாம் சொல்கிறோம். விடிந்ததும் நடந்ததைச் சொல்வதில்லை. அதிகாரிகள் சத்தமில்லாமல் அனுப்பிவைக்கப் பார்க்கிறார்கள். பவுல் நகரமாட்டேன் என்கிறார். ரோமக் குடிமக்களை வெளியரங்கமாய் அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்புகிறார்களா, அவர்களே வந்து அழைத்துவிடட்டும். வந்தார்கள், கெஞ்சினார்கள். ராத்திரி பாடிய அதே வாய்தான் விடிந்ததும் நியாயம் கேட்டது. போதும் என்பது எனக்குள்ளே நான் சொல்லிக்கொள்ள வேண்டியது. அடுத்தவனைப் பார்த்துச் சொல்லும் நிமிடத்திலேயே அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது.

தங்கைக்கு இந்தப் பதில் போதவில்லை. எனக்கும் முழுசாகப் போதவில்லை. போகட்டும்.

உங்களுக்காக நான் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11ஐ வீட்டுச் சுவரில் மாட்டாதவர்கள் உண்டா? அது தீர்க்கதரிசி எரேமியாவின் கடிதத்தில் உள்ள வசனம், பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களுக்குப் போன கடிதம். முந்தின வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் எழுபது வருடம் கழித்து உயிரோடு இருந்திருப்பார்கள்? அவர்களுக்குச் சொன்னது, அங்கேயே வீடுகளைக் கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்றுதான். அவர்களில் ஒருவர் நம் மேடையில் ஏறி "இன்னும் பாபிலோன்லதான் இருக்கேன், கர்த்தர் கூட இருக்கார்" என்றால் அடுத்த தடவை நல்ல சாட்சியோடு வரச் சொல்வோம்.

நான் சத்தம் போடுகிறேன், தெரிகிறது. அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறேன் என்பதும் தெரிகிறது. அப்பா படுத்திருந்தபோது வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், "குடும்பத்துல ஏதாவது சாபம் இருக்கான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு இப்போது அது ஞாபகம்கூட இருக்காது. அந்த ராத்திரி நான் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாற்பது வருடக் குடும்பக் கதையில் சாபத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள்கூட முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் ஏழு நிமிடம்கூடச் சும்மா உட்காரவில்லை.

ஒன்று கேட்கிறேன். எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் நாற்பது வருடம் வானத்திலிருந்து மன்னா என்ற உணவு வந்தது. தினமும் அன்றன்றைக்கு உள்ளது. சேர்த்துவைத்தால் புழு. அதிகம் சேர்த்தவனுக்கு மீதி இல்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. அந்த நாற்பது வருடத்தில் யாராவது காலையில் கூடாரத்துக்கு வெளியே வந்து "இன்றைக்கும் நேற்று வந்ததுதான் வந்தது, ஸ்தோத்திரம்" என்று சொல்லியிருந்தால் அவர் வளராதவரா?

இந்தப் பதிவைப் போடவேண்டாம் என்று இரண்டு பேர் பேசினார்கள், எழுதி முடிப்பதற்கு முன்னாலேயே. ஒருவர் நான் மதிக்கிறவர். "ஊழியத்துக்கு இடறல்" என்றார். ஐயா, உங்களை எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் கிடையாது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்காவிடம் நேற்று பேசினேன். நான் கொதித்ததைக் கேட்டுவிட்டு, "விடு தம்பி, அவர் நல்ல மனசோடதான் சொல்லியிருப்பார்" என்றார். பிறகு, "நீயும் அங்கதானே இருந்த?" என்று கேட்டார். குத்திக்காட்ட இல்லை, சும்மா ஞாபகப்படுத்திப் பார்க்கிற மாதிரி.

ஆமாம் அக்கா. மூன்றாவது வரிசை. சபை சிரித்தபோது நானும் லேசாகச் சிரித்தேன். வீடியோவில் தெரிகிறது.