ஒன்பது என்று நான் கூப்பிடும்போதெல்லாம்

எங்கள் வகுப்பில் வருகைப் பதிவை எண் சொல்லித்தான் எடுப்போம். அறுபது பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பத்து நிமிடம் போய்விடும். சில ஆண்டுகளுக்கு முன்பு எட்டாம் வகுப்பில், நான் 'ஒன்பது' என்றதும் பின் பெஞ்சில் தினமும் ஒரு சிரிப்பு ஓடும். அந்த எண்ணுக்குரிய பையன் 'உள்ளேன் ஐயா' என்று சொல்லி உட்கார்ந்துவிடுவான். சிரித்தவர்கள் பார்த்தது அவனை அல்ல, ஜன்னலோரம் இருந்த இன்னொருவனை. அவன் எண் இருபத்து மூன்று. பெண் சாயல் தெரியும் பையன்களைக் கேலி செய்ய 'ஒன்பது' என்பார்கள்; அவர்கள் அவனைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இரண்டு மாதம் ஆனது. புரிந்த பிறகும் 'சத்தம் போடாதீங்க' என்று சொல்லிவிட்டுப் பத்துக்குப் போய்விட்டேன்.

மற்றதையெல்லாம் பிறகுதான் சேர்த்துப் பார்த்தேன். இடைவேளையில் அவன் கழிப்பறைப் பக்கமே போகமாட்டான். பாடம் நடக்கும்போது எழுந்து கேட்பான், 'பெல் அடிச்சப்ப என்ன பண்ணின?' என்று திட்டு வாங்குவான். பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டான். பி.டி. பீரியட் வந்தால் தலைவலி என்பான். ஆண்டு விழாவில் அவனுக்குப் பாவாடை தாவணி கட்டி ஆடவிட்டுக் கைதட்டிய நாங்களே, அடுத்த வாரம் 'ஏன்டா இப்படி நடக்கிற' என்று கேட்டோம். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. சில வாரம் ஆப்சென்ட் போட்டோம். அப்புறம் பெயரை நீக்கிவிட்டோம்.

அவன் திருநங்கையா, தன்பாலீர்ப்பு உள்ளவனா, அல்லது மென்மையான சுபாவம் உள்ள ஒரு பையனா, எனக்குத் தெரியாது. அவனைக் காப்பாற்ற அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை.

இது ஒருவனுடைய கதை இல்லை. யுனெஸ்கோவும் சென்னையின் சகோதரன் அமைப்பும் தமிழ்நாட்டில் திருநர், தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் போன்ற பால்புதுமை இளைஞர்கள் சுமார் 400 பேரிடம் ஆய்வு நடத்தின. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் அடி உதை வாங்கியதாகச் சொன்னவர்கள் 60 சதவீதம். படிப்பை விட்டதில் அந்தக் கொடுமைக்கு முக்கியப் பங்கு உண்டு என்றவர்கள் மூன்றில் ஒரு பங்கு. திருநர்களின் உயர்கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் எட்டாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளையிடம் அது எப்படிப் போய்ச் சேரும்?

என்ன செய்ய வேண்டும் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் மாதமே சொல்லிவிட்டது. ஒருவரையொருவர் காதலித்த, மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கு அது. பாலினப் பாகுபாடில்லாத கழிப்பறை, சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ள வழி, பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் பெற்றோருக்கு விழிப்புணர்வு என்று பள்ளிகளுக்கான பரிந்துரைகளும் அந்தத் தீர்ப்பில் உண்டு. என்னை அதிகம் தொட்டது வேறொன்று. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்குச் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு நீதிபதி செய்ததை வாத்தியார்களாகிய நாமும் செய்யலாம். அதே ஆண்டு இறுதியில் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி., திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று ஓர் ஆசிரியர் கையேடு வெளியிட்டது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஆட்சேபித்ததும், சில நாட்களிலேயே அது இணையதளத்திலிருந்து காணாமல் போனது. அதைத் திரும்பக் கொடுங்கள் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

சக ஆசிரியர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு பிள்ளையிடம் இப்படி ஏதோ தெரிகிறது என்றதும் அப்பா அம்மாவை வரச்சொல்லிச் 'சொல்லிவிடுவது' நம் கடமை என்று நினைக்கிறோம். அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்திருக்கிறோமா? பெல்ட் அடி, மந்திரிப்பு, 'சரி பண்ணித் தரும்' டாக்டர். அந்த மாதிரி 'சிகிச்சை' தவறான தொழில் நடத்தை என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் அறிவித்துவிட்டது. பிள்ளை தானாக வந்து சொன்னால் கேளுங்கள். யாரிடம் எப்போது சொல்வது என்பதை அந்தப் பிள்ளையிடமே விடுங்கள். யாராவது துன்புறுத்தினால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்கள் இருக்கின்றன, பிள்ளைகள் புகாரை எழுதிப் போடப் பள்ளியில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. அதில் விழும் சீட்டை யார் படிக்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

'இதையெல்லாம் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போகாதா சார்?' என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். நியாயமான பயம்தான். ஆனால் பேசாத வகுப்பிலும் அந்தச் சொல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் மட்டும்தான் பேசாமல் இருந்தேன்.

இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், பத்து நிமிடம் போனாலும். 'ஒன்பது', 'பொட்டை' என்று காதில் விழுந்தால் பாடத்தை அங்கேயே நிறுத்துகிறேன். எங்கள் பள்ளியில் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை, விருந்தினர் வந்தால் மட்டும் திறப்பதற்காகப் பூட்டியே கிடக்கிறது. அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதன் சாவியைக் கேட்கப்போகிறேன். எந்தப் பிள்ளையும் காரணம் சொல்லாமல் போய்வரும்படி பள்ளி நேரம் முழுக்க அது திறந்திருக்க வேண்டும்.