கவிதையை அவிழ்த்து விட்டோம், கட்டுரையைக் கட்டிப் போட்டோம்

ஏப்ரல் மாதம் தமிழாசிரியர்களுக்கு ஒரு விநோதமான மாதம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் போர்ஷன் முடிந்திருக்கும், ஆண்டுத்தேர்வு இன்னும் வந்திருக்காது. அந்த இடைவெளியில் மூன்று விதமான யோசனைகள் வரும். ஒன்று, திருப்புதல் நடத்துங்கள். இரண்டு, பத்தாம் வகுப்பு முதல் இயலை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள், அடுத்த வருஷ ரிசல்ட்டுக்கு நல்லது. மூன்று, "சும்மா கவிதை, கட்டுரைன்னு ஏதாவது எழுதச் சொல்லுங்க டீச்சர், கிளாஸ் சத்தமில்லாம இருக்கும்."

மூன்றாவதைச் சொன்னவருக்கு நான் நன்றி சொன்னேன். அவர் நினைத்த அர்த்தத்தில் அல்ல.

பல வருஷமாக மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். கவிதையையும் கட்டுரையையும் நாம் பள்ளிக்கூடத்தில் தலைகீழாகக் கற்றுக்கொடுக்கிறோம். கட்டு வேண்டிய இடத்தில் அவிழ்த்து விடுகிறோம். அவிழ்க்க வேண்டியதை இறுக்கிக் கட்டுகிறோம்.

முதலில் கட்டுரை. பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளின் கடைசியில் எட்டு மதிப்பெண்ணுக்குக் கட்டுரை வரும். குறிப்புகள் கொடுத்திருப்பார்கள். பிள்ளைகள் குறிப்புச் சட்டகம் என்று ஒரு பெட்டி போட்டு, அதற்குள் முன்னுரை தொடங்கி முடிவுரை வரை வரிசையாக எழுதி, பிறகு அதே தலைப்புகளை ஒவ்வொன்றாக எழுதி அடிக்கோடு இட்டு நிரப்புவார்கள். சட்டகம் இருக்கிறதா, உட்தலைப்பு இருக்கிறதா, நடுவில் ஒரு குறளோ பாரதி வரியோ மேற்கோளாக இருக்கிறதா, எழுத்துப்பிழை எத்தனை என்று பார்த்து மதிப்பெண் விழும். மலைபோல் கட்டுகளை வைத்துக்கொண்டு திருத்துகிறவரையும் குறை சொல்ல முடியாது.

பாடப்புத்தகத்தில் அரசுப் பொருட்காட்சிக்குப் போய்வந்ததைப் பற்றி ஒரு கட்டுரைப் பயிற்சி உண்டு. எங்கள் பள்ளி கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்தப் பொருட்காட்சிக்கும் போனது கிடையாது. ஆனால் அத்தனை பேரும் போய்வந்திருக்கிறார்கள், காகிதத்தில். அத்தனை பேரும் ராட்டினம் ஏறியிருக்கிறார்கள், டெல்லி அப்பளம் தின்றிருக்கிறார்கள், "மறக்க முடியாத அனுபவமாக அமைந்தது" என்று வீடு திரும்பியிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே அனுபவம். ஒரே உரைநூல், அதனால்.

இப்போது வீட்டில் போன் இருக்கிற பிள்ளைகள் சாட்ஜிபிடியைக் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள் என்று சக ஆசிரியர்கள் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அதில் பெரிய அதிர்ச்சி இல்லை. உரைநூலைப் பார்த்து எழுதினாலும் அதே ருசிதான் இருந்தது. பிள்ளையின் குரல் அதற்கு முன்பே கட்டுரை நோட்டிலிருந்து கிளம்பிப் போய்விட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 20,691 பேர். தமிழில் 8 பேர். மாநிலம் முழுக்கச் சேர்த்து எட்டே பேர். இதைப் பார்க்கிற பெற்றோரும் நிர்வாகமும் தமிழாசிரியரைத்தான் பார்ப்பார்கள். எங்கே மதிப்பெண் போகிறது என்று தேடினால் எழுதுகிற பகுதியில் போகிறது. அப்புறம் என்ன, எழுதுகிற பகுதியையும் மனப்பாடப் பகுதியாக்கிவிடு. முடிந்தது கதை. இந்தப் பயத்தை நானும் சம்பளத்தோடு சேர்த்து வாங்குகிறவள்தான், அதனால் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

இனிக் கவிதை. வினாத்தாளில் "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக" என்று ஒரு படம் கொடுப்பார்கள். ஐந்து மதிப்பெண். உண்மையில் அருமையான கேள்வி. ஒரு படத்தைப் பார், தோன்றுவதை எழுது. அதற்கும் நாம் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டோம். எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற மாதிரி ஒரு பாட்டை மனப்பாடம் செய்ய வைப்பது. கண்ணுக்கு விருந்தான காட்சி, கருத்துக்கு விருந்தான காட்சி, நெஞ்சை விட்டு நீங்காத காட்சி... மரம் வெட்டுகிற படம் வந்தாலும் அது கண்ணுக்கு விருந்துதான். குழந்தைத் தொழிலாளர் படம் வந்தாலும் விருந்துதான்.

தேர்வுக்கு வெளியே கவிதை எழுதச் சொன்னால்? "உனக்குத் தோன்றியதை எழுதும்மா, இலக்கணம் எல்லாம் பார்க்க வேண்டாம், புதுக்கவிதைதானே" என்போம். சுதந்திரம் கொடுக்கிறோமாம். வருவது என்ன? அம்மா, நிலா, மழை, கனவு. வரியை மடக்கி மடக்கி எழுதி முடிவில் மூன்று ஆச்சரியக்குறி. மூன்றே வரி என்றால் ஹைக்கூ. (ஜப்பானியக் கவிதையைப் பற்றி 1916இலேயே சுதேசமித்திரனில் எழுதியவர் பாரதி. அவர் பிறந்த எட்டயபுரம் எங்களுக்குப் பக்கம். அவர் வெண்பாவும் எழுதினார், கும்மியும் எழுதினார், வசன கவிதையும் எழுதினார். இலக்கணத்தை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் அதைத் தாண்டினார்.)

ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் யாப்பிலக்கணம் இருக்கிறது. அசை, சீர், தளை, அடி, தொடை. அசை இரண்டு வகை: "ஊர்" மாதிரி வந்தால் நேர், "குடம்" மாதிரி வந்தால் நிரை. அசைகள் சேர்ந்தது சீர், ஒரு சீர் அடுத்த சீரோடு பொருந்துவது தளை. வருஷக் கடைசியில் வருவதால் அவசரமாக நடத்துகிற பாடம். பத்தாம் வகுப்பில் அலகிட்டு, அதாவது சீரை அசையாகப் பிரித்து, தேமா, புளிமா என்று வாய்பாடு எழுதச் சொல்வார்கள், அதற்குத் தேவையான அளவு நடத்திவிட்டு விட்டுவிடுவோம். குறளை வெட்டிப் பார்க்கத் தெரியும், ஒரு குறளை ஒட்டிப் பார்க்கச் சொல்ல மாட்டோம். ஏப்ரலில் கிடைத்த நாட்களை நான் அதற்குக் கொடுத்தேன்.

முதலில் காளமேகப் புலவரைக் கொண்டுவந்தேன். செருப்பு என்று தொடங்கி விளக்குமாறு என்று முடிகிற வெண்பா ஒன்று வேண்டும், அதுவும் முருகன் மேல் வேண்டும் என்று கேட்டார்களாம், பாடினாராம். அவர் "செருப்புக்கு" என்று எடுத்து, போர்க்களத்துக்குள் புகுந்து என்று பொருள் வர வைத்த இடத்தைச் சொன்னதும் கடைசி பெஞ்சு நிமிர்ந்தது. வசைக்கும் வம்புக்கும் இருக்கிற மரியாதை வகுப்பில் வேறு எதற்கும் இல்லை. முடிவைக் கொடுத்துவிட்டுப் பாடச் சொல்வது நம்முடைய பழைய பயிற்சி முறை. ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார்கள். பிள்ளைகளுக்கு அது போட்டி, புதிர், விளையாட்டு. "உன் உணர்வை எழுது" என்றால் பதின்மூன்று வயதுப் பையன் கூசிப் போவான். "இந்தச் சீருக்கு அடுத்து நிரையில் தொடங்குகிற சொல் ஒன்று சொல்லு" என்றால் கை தூக்குவான்.

நேருக்கு மேசையில் ஒரு தட்டு, நிரைக்கு இரண்டு தட்டு. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். அதாவது, மா என்று முடிகிற சீருக்கு அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும்; விளம், காய் என்று முடிந்தால் நேரில். இல்லையென்றால் தளை தட்டும். இதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம். பக்கத்து வகுப்பு அறிவியல் சார் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். அம்மா, நிலா, மழை, கனவு, அழகு ஆகிய சொற்களுக்கு அந்த வாரம் தடை. இன்று காலையிலிருந்து கண்ணால் பார்த்தது மட்டும்தான் அனுமதி.

ஒரு மாணவி கொண்டுவந்தாள்: "ஊரில் குடங்கள் எல்லாம் ரோட்டில் தூங்குது." எங்கள் பக்கம் கோடையில் தண்ணீர் லாரிக்காக முதல் நாள் ராத்திரியே குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வருவார்கள், அதைச் சொல்கிறாள். நல்ல வரி. ஆனால் குறள் வெண்பாவின் முதல் அடிக்கு நான்கு சீர்தான், இதில் ஐந்து இருக்கிறது. "குடங்கள்" மாச்சீர், அடுத்து "எல்லாம்" நேரில் தொடங்குகிறது, தளை தட்டுகிறது. "எல்லாம்" மாச்சீர், அடுத்து "ரோட்டில்" நேர், மறுபடி தட்டுகிறது. "ரோட்டில்" மாச்சீர், அடுத்து "தூங்குது" நேர், அங்கேயும் தட்டுகிறது. நான் எதையும் திருத்தித் தரவில்லை, எங்கே தட்டுகிறது என்று மட்டும் காட்டினேன். அவளும் அவள் கூட்டாளிகளும் மத்தியானச் சாப்பாட்டு மணி முழுக்க மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் வந்தது இது:

ஊரின் குடமெல்லாம் ரோட்டில் உறங்குது
லாரி வருமோ இனி.

தேமா, புளிமாங்காய், தேமா, கருவிளம், தேமா, புளிமா, மலர். வெண்பாவுக்கு உரிய சுத்தமான வெண்டளை. ஊரின், லாரி என்று எதுகை. ஊரின், உறங்குது என்று மோனையும் தானாக விழுந்திருக்கிறது, அதை நான் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரியும். "தூங்குது" போய் "உறங்குது" வந்தது தளைக்காக. ஆனால் படித்துப் பாருங்கள், குடம் உறங்குகிறது என்னும்போது வரி கொஞ்சம் கனத்துவிட்டது. இலக்கணம் படைப்பாற்றலை நசுக்கிவிடும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். நசுங்கியது "தூங்குது" மட்டும்தான் ஐயா.

அதே குழுவில் இன்னொருவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்கு வெண்பாவா? ஆமாம், இருக்கிறார்கள். என் அனுபவத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து தடுமாறுமே தவிர காது தடுமாறுவதில்லை. ஊர்க்கொடையில் வில்லுப்பாட்டும் கும்மியும் கேட்டு வளர்ந்த காது. தளை தட்டுகிற இடத்தில் முதலில் முகம் சுளித்தவன், குறில் நெடில் சரியாக எழுதத் தெரியாத ஒரு பையன். அவன் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். எல்லாருக்கும் வெண்பா கைவந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. முக்கால்வாசிப் பேருக்கு ஈற்றடியில் மூச்சு நின்றுவிட்டது. பரவாயில்லை, ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் தேடினார்கள் அல்லவா, அது போதும் எனக்கு.

கட்டுரைக்கு நேர் எதிர். முன்னுரை கூடாது, முடிவுரை கூடாது, உட்தலைப்பு கூடாது, "இன்றியமையாதது" என்ற சொல் கூடாது. உன் வீட்டில் யாராவது செய்கிற ஒரு வேலையை, அதைப் பார்த்தே இராத ஒருவருக்குப் புரிகிற மாதிரி எழுது. அவ்வளவுதான் தலைப்பு.

கேட்டதும் வகுப்பே திகைத்துவிட்டது. "அம்மா, முன்னுரை இல்லாம எப்படிம்மா ஆரம்பிக்கிறது?" தினமும் வீட்டுக்குப் போய் அன்றைக்கு நடந்த சண்டையை ஒரு முன்னுரையும் இல்லாமல் சொல்கிற பிள்ளைகள் கேட்ட கேள்வி இது.

ஒரு பையனின் அப்பா கரிமூட்டம் போடுகிறவர். வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களின் பிழைப்பு. அவன் முதலில் எழுதியது: "கரி மனித வாழ்விற்கு மிகவும் இன்றியமையாததாகும்." தடை செய்த சொல்லோடேயே ஆரம்பித்திருந்தான். அடித்துவிட்டு, "அப்பா ராத்திரி என்னடா செய்வார்?" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது தடவை அவன் தொடங்கியது: "மூட்டம் போட்டா எங்க அப்பா ராத்திரி தூங்க மாட்டாரு." பிறகு நிற்கவே இல்லை. கட்டைகளை எப்படி அடுக்குவது, மேலே தழை போட்டு ஈர மண்ணை எப்படிப் பூசுவது, எங்கெங்கே துளை விடுவது, புகை முதலில் வெள்ளையாக வரும், வெந்த பிறகு நீலம் பாயும், அதைப் பார்த்துத்தான் துளையை அடைக்க வேண்டும், எங்காவது மண் வெடித்துக் காற்று உள்ளே போய்விட்டால் கரி கிடைக்காது, சாம்பல்தான் கிடைக்கும், அதனால்தான் அப்பா எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறார். இரண்டு பக்கம். வரிசை பிசகவில்லை, காரணமில்லாமல் ஒரு வாக்கியம் இல்லை. நாம் பொருளுரை என்று எதைச் சொல்கிறோமோ அது இதுதானே? சட்டகம் போட்டிருந்தால் இந்தப் பையனுக்கு "கரியின் பயன்கள்", "கரியும் சுற்றுச்சூழலும்" என்று இரண்டு உட்தலைப்பு கிடைத்திருக்கும், அப்பா கிடைத்திருக்க மாட்டார்.

பேச்சு வழக்கில் எழுதியிருக்கிறானே, தேர்வில் வெட்டிவிடுவார்களே என்றால், வெட்டுவார்கள். "தூங்க மாட்டாரு" என்பதைத் "தூங்க மாட்டார்" ஆக்க ஒரு பீரியட் போதும். சொல்ல ஒன்றும் இல்லாதவனுக்குச் சொல்ல வைக்க எத்தனை பீரியட் போதும் என்று யாராவது சொல்லுங்கள்.

பொதுத்தேர்வு மாதிரியை நான் மாற்ற முடியாது, மாற்றும் வரை காத்திருக்கவும் போவதில்லை. குறிப்புச் சட்டகத்தை ஜனவரியில் சொல்லிக் கொடுத்தால் போதும். அது ஒரு படிவம், நிரப்பக் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகாது. நூலக உறுப்பினர் படிவத்தைக் கூடத்தான் பாடத்தில் வைத்திருக்கிறோம், அதை வருஷம் முழுவதுமா நடத்துகிறோம்? சொல்ல விஷயம் இருக்கிற பிள்ளை அந்தப் பெட்டிக்குள்ளும் ஏதாவது உயிரோடு எழுதிவிடும்.

தமிழாசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மே மாதம் வந்தால் கட்டுரை நோட்டுகளைக் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குப் போடுகிற வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு நோட்டுகளை மட்டும் எடுத்து வையுங்கள். ஜூனில் பத்தாம் வகுப்பு எடுக்கப்போகிற ஆசிரியர் கையில் கொடுத்து, முதல் இயலைத் தொடங்குவதற்கு முன் படிக்கச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் அந்த ஆசிரியரும் நானே என்பதால் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. பீரோ சாவி மட்டும் அலுவலகத்தில் இருக்கிறது, நாளைக்குக் கேட்க வேண்டும்.