மன்மோகன் சிங் தேர்தலில் நின்றதே இல்லையா?

"மன்மோகன் சிங் ஒரு தடவைகூடத் தேர்தலில் நின்றதில்லை, அதிகாரியாக இருந்தவரைத் திடீரென்று கூட்டிவந்து பிரதமராக்கினார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. 1999 மக்களவைத் தேர்தலில் அவர் தெற்கு டெல்லியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். பாஜகவின் விஜய் குமார் மல்ஹோத்ராவிடம் தோற்றார். மக்களவைக்கு அவர் ஜெயித்துப் போனதில்லை என்பது சரி. ஆனால் நின்றதே இல்லை என்பது வேறு விஷயம்.

'திடீரென்று' என்பதும் பொருந்தாது. 1982 முதல் 1985 வரை ரிசர்வ் வங்கி ஆளுநர், அப்புறம் திட்டக்குழுத் துணைத் தலைவர். 1991இல் நரசிம்ம ராவ் அவரை நிதியமைச்சர் ஆக்கியபோது, அன்னியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் தாங்கும் என்ற நிலை. அதைச் சமாளித்தவர் அவர். 1998 முதல் 2004 வரை மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்தார். 1991 முதல் கணக்கிட்டால், பிரதமர் ஆவதற்கு முன்பே கிட்டத்தட்ட 13 வருட நாடாளுமன்ற அனுபவம்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது பாகிஸ்தானில் இருக்கும் காஹ் கிராமத்தில் 1932இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். பிரிவினையில் ஊரை விட்டு அகதிகளாக வந்த குடும்பம் அது. உதவித்தொகைகளில் படித்துக் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு வரை போனவரைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் சரிபார்த்து எழுதுங்கள்.